மில் வீட்டு மேசையும் தாயின் அரை மணி நேரமும்

வீட்டுக்கல்வி பற்றி ஆங்கிலத்தில் வந்துள்ள கையேடுகளை வரிசையாக வாசித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அவற்றின் வார்ப்பு பிடிபட்டுவிடும். பள்ளிக்கு அனுப்பாமல் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைப்பது சாத்தியம்தானா, கணக்குக்கு என்ன செய்வது, நண்பர்கள் கிடைப்பார்களா, பரீட்சை எழுத முடியுமா என்பதையெல்லாம் பேசி முடித்த பிறகு புத்தகம் பெற்றோரின் பக்கம் திரும்பும். நீங்களும் ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லும். ஒரு மொழி, ஒரு வாத்தியம், தறி, தோட்டம், வானியல், எதுவானாலும் சரி. கற்றல் என்பது பதினெட்டு வயதோடு முடிந்துபோகிற சமாச்சாரமல்ல என்பதைப் பிள்ளை உங்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளும் என்று காரணமும் காட்டும்.

நல்ல அறிவுரைதான். நாற்பது வயதில் ஒரு பெண் வயலின் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேண்டாம் என்று நான் ஏன் சொல்லப்போகிறேன்? என்னை உறுத்துவது அந்தக் காரணம். வயலின் பிடித்திருக்கிறது என்பது போதவில்லை. பிள்ளைக்கு அதனால் என்ன கிடைக்கும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கிறது. இந்த வரி எங்கிருந்து வந்தது, எல்லாப் பெற்றோரிடமும் இதைக் கேட்டார்களா என்று பார்ப்பதற்காக, முதுகலை மாணவிகளோடு ஒரு பருவம் முழுக்கச் சில பிரதிகளைச் சேர்த்து வாசித்தேன். அந்த வாசிப்பிலிருந்து எழுந்தது இந்தக் கட்டுரை. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ‘பெற்றோர்’ என்ற சொல்லுக்குப் பால் கிடையாது, அந்த வேலைக்கு உண்டு. அமெரிக்காவில் வீட்டுக்கல்வியை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, அன்றாடம் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் தாய் என்பதைத்தான்.

முதலில் ஒரு மேசை. ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சுயசரிதையில் வரும் மேசை அது. 1873இல், அவர் இறந்த அதே ஆண்டில் வெளியான புத்தகம். வீட்டில் படித்து மேதையானவர்களின் பட்டியல் போடுபவர்கள் மில்லை விடுவதே இல்லை. அவர் சிறுவயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. தந்தை ஜேம்ஸ் மில் மூன்று வயதில் கிரேக்கம் தொடங்கிவைத்தார், எட்டு வயதில் லத்தீன். தந்தை எழுதிக்கொண்டிருந்த அதே அறையில் அதே மேசையில் உட்கார்ந்து மகன் பாடம் படித்தான். கிரேக்கச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பொருள் தரும் அகராதி அவனுக்கு அப்போது கிடைக்கவில்லை. கிடைத்த அகராதிகள் லத்தீனில் பொருள் சொல்லின, அவனுக்கோ இன்னும் லத்தீன் தெரியாது. ஆகவே தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அப்பாவின் பேனாவை நிறுத்திக் கேட்க வேண்டும். பொறுமை என்பதே இல்லாத மனிதரான அப்பா இந்த ஓயாத இடையூறுக்குத் தன்னை உட்படுத்திக்கொண்டார் என்றும், இதற்கு நடுவேதான் தன் வரலாற்று நூலின் பல பகுதிகளை எழுதி முடித்தார் என்றும் மகன் வியப்போடு பதிவுசெய்கிறார்.

அந்த வரலாற்று நூல் நமக்கு அறிமுகமானதுதான். ‘பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாறு’. 1806 வாக்கில் தொடங்கி 1817இல் அச்சேறியது. இந்தியாவைக் கண்ணால் பார்க்காமல், இந்திய மொழி ஒன்றுகூடத் தெரியாமல் எழுதி, அப்படி எழுதுவதே நல்லது என்று முன்னுரையில் வாதாடவும் செய்த புத்தகம். அதன் பலத்தில் 1819இல் ஆசிரியருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் உத்தியோகம் கிடைத்தது, நான்கு ஆண்டுகள் கழித்து மகனுக்கும் அங்கேயே. இந்தப் புத்தகம் நமக்குச் செய்த கேட்டைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், இங்கே அது என் விஷயமல்ல. அது எழுதப்பட்ட விதம்தான் விஷயம். வீட்டில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டே தன் ஆர்வத்தையும் விடாமல் தொடர்ந்த பெற்றோர் என்று கையேடுகள் கனவு காண்கிறார்களே, அந்தப் பெற்றோர் இதோ இருக்கிறார். பிள்ளையும் தந்தையின் வேலைக்குள் வளர்ந்தான். அச்சுக்குப் போனபோது மகன் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிக்க, தந்தை மெய்ப்புத் திருத்தினார். ஒரு வேலையைப் பார்த்துப் பழகுவதற்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

ஆனால் அந்த வீட்டில் இன்னொரு பெற்றோரும் இருந்தார். ஹேரியட் பர்ரோ, 1805இல் ஜேம்ஸ் மில்லை மணந்தவர். ஒன்பது பிள்ளைகள் பெற்றார், ஜான் மூத்தவர். புத்தகம் எழுதப்பட்ட ஆண்டுகளில் பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்துகொண்டிருந்தார்கள். அச்சான சுயசரிதையை முழுக்கத் தேடினாலும் இந்தப் பெண்ணைக் காண முடியாது. தன் பிறப்பைச் சொல்லும் வாக்கியத்திலேயே மில் தன்னை இந்திய வரலாற்று நூலாசிரியரின் மூத்த மகன் என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்கிறார். ஒரு மனிதர், ஒரு புத்தகம், ஒரு மகன். 1853, 54 வாக்கில் எழுதிய முதல் வரைவில் தாய் வருகிறார். வந்து குறைபட்டுப் போகிறார். பிள்ளைகளுக்காக மாடாய் உழைத்தவர்தான், ஆனால் மதிப்பையும் அன்பையும் பெறுவதற்கு வேண்டிய குணங்கள் அவரிடம் இல்லை என்ற பொருளில் மகன் எழுதி, பிறகு அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார். அடித்து நீக்கியதற்காக நன்றி சொல்லலாமா என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நானும் யோசித்துப் பார்த்தேன். திட்டி எழுதியிருந்தால் ஆளாவது இருந்திருப்பாள்.

இந்த மேசைக் காட்சியில் நான் கவனிக்கச் சொல்வது ‘இடையூறு’ என்ற சொல்லை. தந்தைக்கு நேர்ந்தால் அது இடையூறு. ஒரு பிள்ளை ஒரு பாடத்துக்காகக் குறுக்கிட்டதை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்தும் நன்றியோடு நினைத்துப் பார்த்து எழுதுகிறார்கள். மற்ற பிள்ளைகளின் பசியும் காய்ச்சலும் பிரசவங்களும் தாயின் நாளைத் துண்டு துண்டாக நறுக்கியதை யாரும் இடையூறு என்று பெயரிடவில்லை. அங்கே குறுக்கிடப்படுவதற்கு ஒரு வேலை இருந்ததாகவே யாரும் நினைக்கவில்லை. தந்தையின் நேரம் முழுசாக இருக்கவேண்டிய பொருள், உடைந்தால் தெரியும். தாயின் நேரம் ஆரம்பத்திலிருந்தே சில்லறை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எட்டு வயதிலிருந்து ஜான் தன் தங்கைக்கும் பிறகு மற்ற தம்பி தங்கைகளுக்கும் லத்தீன் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் பாடம் ஒப்பிக்கவில்லையென்றால் திட்டு இவனுக்கு. அந்த வேலை தனக்குப் பிடிக்கவில்லை என்று மில் வெளிப்படையாகச் சொல்கிறார். ஜேம்ஸ் மில்லின் பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குப் பின்னால், பெயரில்லாத ஒரு தாயும் எட்டு வயது வாத்தியார் ஒருவனும் இருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பெண்ணின் நேரத்தைப் பற்றி மில்லைவிடத் தெளிவாக அந்தக் காலத்தில் எழுதிய ஆண்கள் அதிகம் இல்லை. 1869இல் வந்த ‘பெண்ணடிமை’ நூலில், கலையிலும் சிந்தனையிலும் பெண்கள் ஏன் முதலிடம் பெறவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது அவர் நேரத்தைத்தான் சுட்டிக்காட்டுகிறார். பெண்ணின் நேரம் எல்லோருக்கும் பொது. வீட்டில் யாருக்காவது நோய் நொடி என்று அசாதாரணமாக ஏதாவது நடந்தால்தான், மற்றவர்களின் பொழுதுபோக்குக்கு மேலாகத் தன் காரியத்தை வைக்க அவளுக்கு உரிமை கிடைக்கிறது. அவளுக்கென்று ஒரு படிப்போ நாட்டமோ இருந்தால், தற்செயலாகக் கிடைக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில்தான் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் நாடாளுமன்றத்தில் பெண்களின் வாக்குரிமைக்காக வாதாடிய மனிதர் எழுதுகிறார். தன் வீட்டு மேசையிலிருந்து நாலடி தள்ளி அது நடந்ததை அவர் எழுதவில்லை. கொள்கையளவில் பெண்ணைக் காண்பதும் அம்மாவைக் காண்பதும் இரண்டு வேறு பார்வைகள் போலும்.

அடுத்தது, அரை மணி நேரம். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஆம்பிள்சைடு என்ற ஊரில் இருந்துகொண்டு வீட்டுக்கல்விக்கு ஓர் இயக்கத்தையே கட்டியவர் சார்லட் மேசன். 1842இல் பிறந்து 1923இல் இறந்தவர். 1886இல் அவருடைய ‘வீட்டுக்கல்வி’ நூல் வந்தது, 1890இல் பெற்றோருக்கான மாத இதழ் ஒன்றைத் தொடங்கினார், 1892இல் வீட்டு ஆசிரியைகளைப் பயிற்றுவிக்க ஒரு நிலையம். அந்த இதழின் தொடக்க ஆண்டுகளில், ஒற்றை எழுத்தை மட்டும் பெயராகப் போட்டு ஒருவர் எழுதிய சிறு கட்டுரை ‘தாயின் பண்பாட்டுப் பயிற்சி’ என்று மொழிபெயர்க்கத்தக்க தலைப்பில் வந்தது. இன்றுவரை வீட்டுக்கல்வித் தாய்மார்கள் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

கட்டுரை நல்லது, அன்பானது. பிள்ளைகளுக்காகவே ஓடி ஓடித் தேய்ந்துபோகும் தாயைப் பார்த்து அது கவலைப்படுகிறது. எனக்கென்று நேரமே இல்லை என்கிறீர்களே, நாளுக்கு அரை மணி நேரமாவது எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கிறது. எப்போதும் மூன்று புத்தகங்களைத் திறந்து வைத்திருங்கள் என்கிறது: கடினமான ஒன்று, ஓரளவு எளிதான ஒன்று, ஒரு நாவல். அன்றைய மனநிலைக்கு எது ஒத்துவருமோ அதை எடுத்துக்கொள்ளலாம். இந்த மூன்று புத்தக யோசனையை நான் மாணவிகளிடம் சொன்னபோது வகுப்பில் பாதிப் பேர் குறித்துக்கொண்டார்கள். எனக்கும் பிடித்த யோசனை. களைத்துப்போன மூளைக்கும் படிக்க உரிமை உண்டு, அதற்கு ஏற்ற புத்தகம் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் யோசனை அது.

ஆனால் கட்டுரை அரை மணி நேரத்துக்கு அனுமதி வாங்கும் இடத்தைப் பாருங்கள். தாய் வளராவிட்டால் வளர்ந்துவரும் பிள்ளைகள் அவளைத் தாண்டிப் போய்விடுவார்கள். பிள்ளைகளுக்கு நம்மால் ஆனமட்டும் செய்ய வேண்டுமானால் நாம் வளர்ந்தே ஆக வேண்டும், நம் வருங்கால மகிழ்ச்சி மட்டுமல்ல, நம்முடைய பயனும் அதில் அடங்கியிருக்கிறது என்பதாக வாதம் போகிறது. மகிழ்ச்சி வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. தனியாக வர அதற்குத் தைரியமில்லை, பயனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. ஜேம்ஸ் மில் பன்னிரண்டு ஆண்டுகள் எழுதியது பிள்ளைகளின் நன்மைக்கு என்று யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. இவளோ அரை மணி நேரத்துக்குக் காரணச் சீட்டு நீட்ட வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் இந்த இதழை வாங்கியவர்கள் தாதி வைத்துக்கொள்ள முடிந்த வீடுகளைச் சேர்ந்தவர்கள். ஆம்பிள்சைடில் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் சம்பளத்துக்குப் போன வீடுகள். அந்தத் தாதிக்கு மூன்று புத்தகங்கள் உண்டா என்று கட்டுரை கேட்கவில்லை.

மூன்றாவது பிரதி, ஒரு செல்லோ வாத்தியத்தின் கதை. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் வீட்டுக்கல்வியைப் பற்றிப் பேசியவர்களில் ஜான் ஹோல்ட்டைப் போலச் செல்வாக்குப் பெற்றவர்கள் குறைவு. பள்ளி ஆசிரியராக இருந்து, பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள் என்று 1964இல் ஒரு புத்தகம் எழுதி, பள்ளிகளைத் திருத்த முடியும் என்று கொஞ்ச காலம் நம்பி, பிறகு அந்த நம்பிக்கையை விட்டவர். 1977இல் பாஸ்டனிலிருந்து பள்ளியில்லாமல் வளர்வது குறித்த செய்தி மடல் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு அடுத்த ஆண்டு வந்ததுதான் ‘தாமதமே இல்லை’ என்று பொருள்படும் தலைப்பு கொண்ட இசை வாழ்க்கைக் கதை. நாற்பது வயதில் செல்லோ தொடங்கினார், இடையில் விட்டார், ஐம்பதில் மீண்டும் எடுத்தார். சின்ன வயதில் தொடங்காத எவரும் வாத்தியக்காரராக முடியாது என்ற நம்பிக்கையைத் தன் உடம்பை வைத்தே பொய்யாக்கிக் காட்ட விரும்பினார்.

அந்தப் புத்தகத்தை நான் விரும்பி வாசித்தேன். விரல்கள் மறுப்பது, காது தன் தவறைத் தானே கேட்கக் கற்பது, தேறிவிட்டோம் என்ற எண்ணமும் அது மறுநாளே உடைவதும், இவற்றையெல்லாம் ஒரு வளர்ந்த மனிதர் வெட்கமில்லாமல் எழுதுவது அபூர்வம். வயது வந்தோர் கற்பதைப் பற்றி நான் படித்தவற்றில் இதற்கு முக்கிய இடம் தருவேன். ஹோல்ட்டுக்குத் திருமணம் ஆகவில்லை, பிள்ளைகள் இல்லை. அது குற்றமல்ல, மேசனுக்கும் இல்லை. ஆனால் வீட்டுக்கல்வி உலகம் ஹோல்ட்டின் செல்லோவைப் பெற்றோருக்கு முன்மாதிரியாகக் காட்டும்போது ஒரு கணக்கு விட்டுப்போகிறது. அந்த மனிதர் வாசிக்க உட்கார்ந்தபோது பக்கத்து அறையில் யாரும் விழித்துக்கொள்ளவில்லை. அவர் தன் ஆசையைச் சொல்லும்போதும் எல்லோருக்கும் ஒரு பாடமாகச் சொல்கிறார்தான், நாம் நினைப்பதைவிட நம்மால் அதிகம் முடியும் என்று. ஆனால் அது அவராக மேற்கொண்ட பாடம். அந்தப் பாடம் யாருக்கும் போய்ச் சேராவிட்டாலும் செல்லோ அவர் கையில்தான் இருந்திருக்கும்.

தாய்மார்களின் நேரம் எங்கே போகிறது என்று பார்க்க, கையேடுகளை விட்டுவிட்டு ஜெனிஃபர் லோயிஸிடம் போக வேண்டும். சமூகவியலாளர். அமெரிக்காவின் வடமேற்கில் வீட்டுக்கல்வித் தாய்மார்களோடு நெடுநாள் பழகி, பேட்டி எடுத்து, சில ஆண்டுகள் கழித்துப் பலரை மீண்டும் சந்தித்து எழுதியவர். அவர் காட்டும் பெண்கள் களைத்திருக்கிறார்கள். தங்களுக்கான நேரம் என்ற ஒன்று காணாமல் போனதை அறிந்திருக்கிறார்கள். அதைத் தாங்கிக்கொள்ள அவர்கள் காலத்தைப் பற்றிய தங்கள் உணர்வையே திருத்தியமைக்கிறார்கள்: பிள்ளைப் பருவம் போனால் வராது, என் நேரம் பிறகு வரும், இப்போது இதை ருசித்து வாழ்வோம். இதை லோயிஸ் ஒருவகை உழைப்பு என்றே பார்க்கிறார். எனக்கு மிகவும் உதவிய பார்வை இது. நேரமில்லாத பெண்ணுக்கு, நேரமில்லாததைப் பற்றி வருந்தாமலிருக்கும் வேலையும் சேர்ந்துவிடுகிறது. இந்த நிலையில்தான் கையேடு வந்து, நீங்களும் ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள், பிள்ளை பார்க்கும் என்கிறது. பிள்ளை பார்க்கும்படி கற்பதும் பாடத்திட்டத்தில் ஓர் அலகாகிவிடுகிறது.

காரணச் சீட்டு காட்டி வாங்கிய அனுமதிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். கோவைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெண், மகனை மூன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் படிக்கவைத்தார். புது எழுத்துகளைக் கற்பது எப்படியிருக்கும் என்று அவனுக்குக் காட்டலாமே என்று இருவரும் ஒரே நோட்டில் மலையாளம் எழுதிப் பழகினார்கள். ஆறேழு மாதத்தில் பையனுக்குச் சலித்துவிட்டது, சைக்கிள் பக்கம் போய்விட்டான். இவர் அதற்குள் எழுத்துக்கூட்டி பஷீரின் கதைகளைத் தொட்டிருந்தார். மாமியார் கேட்டாராம்: “அவனே உட்டுட்டான், நீ எதுக்கு கண்ணு இன்னும் அதையவே புடிச்சுட்டு உக்காந்திருக்கற?” கேட்டதில் கோபமில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்ட கேள்வி. இவரால் பதில் சொல்ல முடியவில்லை. பையனுக்காக என்று ஆரம்பித்தது இவர்தானே. அதன் பிறகு கொஞ்ச நாள் உலை கொதிக்கும் நேரத்தில் அடுப்படியில் வைத்துப் படித்ததாகச் சொன்னார். சொல்லும்போது சிரித்தார்.

அடுப்படி என்றதும் ரஸ்ஸுந்தரி தேவி நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்கத்தில், தன் வாழ்க்கைக் கதையைத் தானே எழுதிய பெண். படித்தால் பெண் விதவையாவாள் என்று நம்பிய காலம். வீட்டிலிருந்த ‘சைதன்ய பாகவத’த்தின் ஓர் ஏட்டை எடுத்துச் சமையலறையில் ஒளித்துவைத்துக்கொண்டார். மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துவைத்தார். இரண்டையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு எழுத்துகளைக் கண்டுபிடித்தார். மகனின் பாடம்தான் தாய்க்கு அரிச்சுவடி. ஆனால் மகனுக்காகப் படிக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அப்படிச் சொல்லவும் வழியில்லை. புத்தகம் படிக்க வேண்டும் என்ற ஆசையைத் தவிர அவர் காரணம் எதையும் தேடவில்லை. அனுமதி கேட்காதவரிடமிருந்து அதைத் திருப்பி வாங்க முடியாது என்பது உண்மை. அதற்காக எல்லாப் பெண்களும் ஒளிந்து படிக்க வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒளிவதற்கு அவர் கொடுத்த விலை அந்தப் புத்தகத்தின் பக்கங்களில் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மேசனையும் ஹோல்ட்டையும் அப்படியே தூக்கிக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வர முடியாது. பள்ளியை மறுப்பது, பள்ளி கைவசம் இருப்பவர்கள் எடுக்கும் முடிவு. சாவித்திரிபாய் புலே வீட்டில் கணவரிடம் எழுத்துக் கற்றவர்தான், ஆனால் 1848இல் புணேயில் அவர் செய்தது பெண்களுக்குப் பள்ளி திறந்தது. தெருவில் நடக்கக்கூடத் தடையிருந்த சமூகங்களுக்குப் பள்ளிக்கூட வாசல் எவ்வளவு பெரிய வெற்றி என்பதை நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியை உரிமையாக்கியது. வீட்டில் படிக்கவைக்கும் சில குடும்பங்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் படித்த, நகரத்து, ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடக்கூடிய வீடுகள்.

பள்ளி பிள்ளைக்குத் தருவதைப் பற்றியே பேசுகிறோம். தாய்க்கு அது தருவது நேரம். காலையிலிருந்து மாலைவரை பிள்ளை இருக்கும் இடம், சோறு போடும் இடம். 2022இல் காலை உணவுத் திட்டம் வந்தபோது பிள்ளைகளின் ஊட்டத்தைப் பற்றிப் பேசினார்கள், சரிதான். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் தாயின் கையிலிருந்து ஓர் அடுப்பை அது இறக்கிவைத்ததையும் சேர்த்துப் பேசியிருக்கலாம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடி, ஒன்று முதல் எட்டுவரையான வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திரும்பத் திறந்தன. அந்த ஒன்றரை ஆண்டுக்கு மேலான காலத்தில் எத்தனையோ வீடுகள் விரும்பாமலேயே வீட்டுக்கல்வி நடத்தின. தொலைதூரக் கல்வியில் பட்டம் படித்துக்கொண்டிருந்த என் மாணவிகளில், திருமணமாகிப் பிள்ளை உள்ளவர்கள், ஒருவர் பின் ஒருவராகத் தேர்வுக் கட்டணம் கட்டாமல் நின்றார்கள். காரணம் கேட்டேன். வீட்டில் இருப்பது ஒரு போன், அதில் பையனின் வகுப்பு நடக்கிறது என்றார்கள்.

கடைசியாக, பண்டித ரமாபாய். வீட்டுக்கல்வியின் வரலாற்றில் மில்லுக்கு எதிரே இவரை உட்காரவைத்துப் பார்க்க எனக்கு வெகுநாளாக ஆசை. 1858இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா காட்டில் பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, சமஸ்கிருதம் பெண்ணுக்கு ஆகாது என்ற ஊர்க் கட்டளையை மீறி, சிறுமியாக மணந்துகொண்ட மனைவி லட்சுமிபாய்க்கு அதைக் கற்பித்தவர். ரமாபாய் பிறந்தபோது தந்தைக்கு வயதாகிவிட்டது, ஆகவே மகளுக்குத் தாய்தான் ஆசிரியை. மாணவர்களும் யாத்ரிகர்களும் வந்து தங்கும் வீடு, பகல் முழுக்க வேலை. எனவே விடியுமுன் மகளை எழுப்பிப் பாடம். பறவைகள் கத்தத் தொடங்கும் அந்த நேரம் பின்னால் பல வாழ்க்கை வரலாறுகளில் கவிதைபோல வர்ணிக்கப்பட்டது. மற்ற நேரமெல்லாம் பிறருக்குப் போய்விட்டதால் மிஞ்சியதுதான் விடியற்காலை என்று நான் வாசிக்கிறேன். கற்கவேண்டும் என்று முடிவெடுத்ததும் லட்சுமிபாய் அல்ல, கணவர். அந்தப் படிப்பும் பிராமண வீட்டுக்குள் இருந்த படிப்பு. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு அவரை உன்னதப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 1887இல் அமெரிக்காவில் ரமாபாய் வெளியிட்ட ‘உயர்சாதி இந்துப் பெண்’ நூலைத் திறந்தால், காணிக்கைப் பக்கத்தில் தாயின் பெயர் இருக்கிறது, தன் வாழ்வுக்கு வழிகாட்டிய ஆசிரியை என்ற நிலையில். மில்லின் முதல் வாக்கியத்தையும் இந்தப் பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துத்தான் நான் இப்போதெல்லாம் அந்த வகுப்பைத் தொடங்குகிறேன்.

ரமாபாயும் ஒரு தாய். கணவர் இறந்த பின், கைக்குழந்தையான மகள் மனோரமாவோடு 1883இல் இங்கிலாந்து போனார். மருத்துவம் படிக்க விரும்பினார், காது கேட்பது குறைந்துகொண்டே வந்ததால் முடியவில்லை. செல்ட்டனமில் படித்தார், கற்பித்தார். 1886இல் அமெரிக்கா போய் ஃபிலடெல்ஃபியாவில் மழலையர் கல்வி முறையைக் கற்றார், மராத்தியில் பாடநூல்கள் எழுதினார். மகளை வாண்டேஜ் கன்னியர் மடத்துச் சகோதரிகளிடம் விட்டிருந்த காலம் நீண்டது. அந்தக் கடிதப் போக்குவரத்தை வாசிக்கும் எவருக்கும், யார் அந்தப் பிள்ளையை வளர்ப்பது என்ற பூசல் எவ்வளவு கசப்பாகப் போனது என்று தெரியும். அவர் கல்விக்குப் பிள்ளை விலை கொடுத்தாள் என்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஜேம்ஸ் மில்லின் கல்விக்கும் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள். இருபது வயதில் தனக்கு நேர்ந்த மனச்சிதைவைப் பற்றி ஜான் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறார். அதை வைத்து ஜேம்ஸ் மில் எழுதியிருக்கக் கூடாது என்று யாரும் வாதாடி நான் பார்க்கவில்லை.

ஐம்பதை நெருங்கும் வயதில் ரமாபாய் இரண்டு புது மொழிகளில் மூழ்கினார். ஹீப்ருவும் கிரேக்கமும். விவிலியத்தை மூலத்திலிருந்து, சாதாரணப் பெண்களுக்குப் புரியும் மராத்தியில் கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை. மூன்று வயதில் அப்பாவின் மேசையில் ஜான் மில் தொடங்கிய அதே கிரேக்கம். கேட்காத காதோடு, கேட்காவில் முக்தி நிலையத்தில் நூற்றுக்கணக்கான பெண்களின் சோற்றையும் துணியையும் பார்த்துக்கொண்டே பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார். 1921இல் மனோரமா இறந்தார். ரமாபாய் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவரும் இறந்தார். அந்தப் பக்கங்களுக்கு அச்சுக் கோத்தவர்கள் முக்தியில் இருந்த பெண்கள். பஞ்சத்தில் அகப்பட்டு அங்கே வந்து சேர்ந்து, எழுத்துக் கற்று, ஈய எழுத்துகளைத் தலைகீழாக வாசிக்கவும் பழகியவர்கள்.